சீவுவது எது, சீவப்படுவது எது? கத்தி, கல், தீ: வாசகர் கேள்வி - பதில்

கார்பன் ஸ்டீல் கத்தியையும் சிக்கிமுக்கிக் கல்லையும் வைத்துத் தீ மூட்டுவது பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

ஆன்லைனில் கார்பன் ஸ்டீல் கத்தி வாங்கினேன். கூடவே ‘சிக்கிமுக்கிக் கல்’ என்று கறுப்பாக ஒரு சின்னக் குச்சி வந்தது. கத்தி முதுகால் உரசினால் மத்தாப்பு போலக் கொட்டுகிறது. “அது கல்லே இல்லை” என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?
- கோவை வாசகர்

தம்பி சொல்வதுதான் சரி. அது ஃபெரோசீரியம் என்னும் உலோகக் கலவை. சீரியம், லாந்தனம் போன்ற அருமண் உலோகங்களோடு இரும்பும் கொஞ்சம் மெக்னீசியமும் சேர்ந்தது. ஆஸ்திரியாவின் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சிகரெட் லைட்டருக்குள் இருக்கும் ‘கல்’ இதேதான். கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால்தான் பாதிக் குழப்பம்.

வித்தியாசம் பெயரோடு நிற்பதில்லை. ஃபெரோ குச்சியில் சீவுவது கத்தி, சீவப்படுவது குச்சி. எரிந்து விழும் துகள் குச்சியுடையது. நிஜமான சிக்கிமுக்கியில் இது அப்படியே தலைகீழ். கல்லின் கூர்விளிம்பு சீவுகிறது, எஃகு சீவப்படுகிறது. பொறி எஃகுடையது, கல் எரிவதே இல்லை. கத்தி எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும், பொறியை எதில் பிடிக்கவேண்டும், கையை எப்படி வீசவேண்டும் என்ற எல்லாமே இதை வைத்து மாறும். கீழே வரும் பல கேள்விகளுக்கும் விடை இதிலிருந்துதான் கிளம்புகிறது.

உங்களிடம் இருப்பது ஃபெரோ குச்சி என்றால், கத்தி கார்பன் ஸ்டீலாக இருக்கவேண்டிய கட்டாயம்கூட இல்லை. முதுகின் ஓரம் செங்கோணமாக, நகத்தில் இழுத்தால் சுரண்டும் அளவுக்கு இருந்தால் ஸ்டெயின்லெஸ் கத்தியும் போதும். ஓரம் உருண்டையாக இருந்தால் அரத்தால் தட்டையாக ராவிக்கொள்ளுங்கள்.

நிஜக் கல்லே கிடைத்தது. வீட்டுக் கத்தி, அருவாள், கடப்பாரை என்று எல்லாவற்றிலும் தட்டிப் பார்த்துவிட்டேன். கல்தான் உடைகிறது, ஒரு பொறி வரவில்லை.
- திண்டுக்கல் வாசகர்

மூன்றும் மூன்று காரணத்தால் தோற்றிருக்கும்.

வீட்டுக் கத்தி பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். அதில் 10.5 சதவீதத்துக்கும் மேல் குரோமியம் இருக்கும். குரோமியம் உடனே ஆக்சைடு தோலாகப் படிந்து உலோகத்தை மூடிவிடுகிறது. துருப்பிடிக்காமல் காக்கும் அந்தக் குணமே பொறிக்கு எதிரி. பொறி என்பதே நொடிக்குள் நடக்கும் துருப்பிடித்தல்தானே! மிகச் சிறிய இரும்புத் துகள் புதிதாகச் சீவப்பட்டு, காற்று பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது.

அருவாளின் கதை வேறு. நம் பட்டறைகளில் பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து அருவாள் செய்கிறார்கள். அதில் கார்பன் சுமார் 0.6 சதவீதம், பொறிக்குக் கொஞ்சம் குறைவு. அதைவிட முக்கியமான விஷயம், கொல்லர் வாய்ப்பகுதிக்கு மட்டும்தான் தோய்ச்சல் வைப்பார், அதாவது சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவார். வெட்டும்போது முறியாமல் இருக்க முதுகை மென்மையாகவே விடுவார். நீங்கள் தட்டியதோ முதுகில். மென்மையான எஃகைக் கல் சீவாது, தேய்த்து நசுக்கும். கடப்பாரையின் தண்டும் பெரும்பாலும் மென்மையானதுதான், அதை விட்டுவிடுங்கள்.

வேண்டியது, கார்பன் 0.7 சதவீதத்துக்கு மேல் உள்ள, நன்றாகக் கடினப்படுத்திய எஃகு. 1095 என்ற ரகத்தில் 0.9 முதல் 1.03 சதவீதம் வரை இருக்கும். கத்தி வாங்கும்போது இந்த எண்ணைக் கேளுங்கள். ஆனால் ஒன்று: கத்தி கத்தியாக உழைக்கவேண்டும் என்பதற்காக அதன் கடினத்தைக் கொஞ்சம் இறக்கித்தான் தருவார்கள். கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 56 முதல் 60 வரை இருக்கும். அதில் பொறி வரும், ஆனால் கஞ்சத்தனமாக வரும். தீ மூட்டுவதற்கென்றே செய்த இரும்பு இதைவிடக் கடினம். அதனால் கத்தியில் பத்துத் தட்டுக்கு இரண்டு நல்ல பொறி வந்தாலே தேறியதாக வைத்துக்கொள்ளலாம்.

காந்தம் வைத்து ரகம் பிரிக்கப் பார்க்காதீர்கள். கத்திக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ்ஸும் காந்தத்தில் ஒட்டும். புது அரத்தை முதுகில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கினால் கடினம், கடித்து இழுத்தால் மென்மை. சாணைச் சக்கரத்தில் தொட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். கார்பன் அதிகமான எஃகில் பொறிகள் நட்சத்திரம் போலக் கிளை கிளையாக வெடிக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் குறைவாக, மங்கிய ஆரஞ்சுக் கோடுகளாக முடிந்துவிடும்.

தமிழ்நாட்டில் எந்தக் கல்லைப் பொறுக்குவது?
- அரியலூர் வாசகர்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிராண்டன் என்ற ஊர் துப்பாக்கிக் கல் செதுக்கியே பிழைத்தது. சுண்ணாம்புப் பாறைக்கு நடுவில் கிடைக்கும் அந்தக் கறுப்புச் சிக்கிமுக்கியைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். எஃகைவிடக் கடினமாகவும், உடைத்தால் கத்திபோல் விளிம்பு விழுவதாகவும் இருந்தால் எந்தக் கல்லும் சரி. செர்ட், ஜாஸ்பர், அகேட் எல்லாம் உதவும். தென் மாவட்டங்களின் தேரிச் செம்மணலில் கிடைத்த கற்காலச் சிறு கருவிகள் செர்ட்டாலும் குவார்ட்சாலும் ஆனவை, அதே சாதிக் கற்கள்தான்.

எங்கும் கிடைப்பது வெங்கச்சங்கல், அதாவது வெள்ளைக் குவார்ட்ஸ். பொறி தரும். ஆனால் பரல் பரலாக உடைவதால் விளிம்பு நான்கைந்து தட்டில் மழுங்கிவிடும். ஒரு கல்லுக்குப் பதில் நான்கு சில்லு கையில் இருக்கட்டும்.

கூழாங்கல்லை அப்படியே தட்டினால் ஒன்றும் வராது, உடைத்துத்தான் ஆகவேண்டும். சாக்குத் துணியில் சுற்றிச் சுத்தியலால் போடுங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு. சில்லு தெறித்தால் கண் போய்விடும். உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள, ஒரு பக்கம் மெலிந்த சில்லைத் தேர்ந்தெடுங்கள். விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் நகம் சீவப்படவேண்டும்.

சின்ன வயதில் இருட்டறையில் இரண்டு வெங்கச்சங்கல்லை உரசுவோம். வெளிச்சம் வரும், கருகல் வாடைகூட அடிக்கும். அதில் ஏன் பஞ்சு பற்றவில்லை?
- நாமக்கல் வாசகர்

அது குளிர்ந்த வெளிச்சம். குவார்ட்ஸ் உரசி முறியும் இடத்தில் வெளிச்சம் உண்டாகிறது. தண்ணீருக்குள் உரசினாலும் தெரியும், செய்து பாருங்கள். எரிந்து விழும் துகள் எதுவும் அதில் இல்லை. ‘ஆதிமனிதன் இரண்டு கல்லை உரசித் தீ உண்டாக்கினான்’ என்ற பாடப்புத்தகப் படத்தில் ஒரு கல் பைரைட்டாக இருந்தால்தான் கதை நடக்கும். பைரைட் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், அதன் துகள்தான் எரியும். 1991-இல் ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டு பழைய ஓட்ஸி மனிதனின் இடுப்புப் பையில் தீப்பிடிக்கும் மரக்காளான் இருந்தது. அதில் பைரைட் துகளும் ஒட்டியிருந்தது. இரும்பு வருவதற்கு முந்தைய முறை அது.

பொறி நன்றாக விழுகிறது. பஞ்சிலும் தேங்காய் நாரிலும் விழுந்து அணைந்துவிடுகிறது. மண்ணெண்ணெய் நனைத்தும் பார்த்தேன். என்ன தவறு?
- நாகர்கோவில் வாசகர்

முதலில் மண்ணெண்ணெயை ஒதுக்கி வையுங்கள். எஃகுப் பொறி மிகச் சின்னது, அதன் மொத்தச் சூடும் ஊசிமுனை அளவு இடத்துக்குத்தான் காணும். ஃபெரோ குச்சியின் பொறி சுமார் 3,000 டிகிரி செல்சியஸ், பெரிய கட்டியாகவும் விழும். அதற்கு உதறிய இலவம் பஞ்சு ‘பக்’கென்று பற்றும். எஃகுப் பொறிக்கு அந்தப் பஞ்சு பச்சை விறகு மாதிரி. அதற்குத் தேவை, ஏற்கெனவே கரியாகி, பொறி தொட்டாலே கனிய, அதாவது சுடரில்லாமல் சிவந்து எரிய, காத்திருக்கும் பொருள். கரித்துணி என்பது அதுதான்.

செய்யும் முறை: நூறு சதவீதப் பருத்தித் துணி வேண்டும். பழைய வேட்டி, கெட்டித் துண்டு, இழுபடாத பழைய ஜீன்ஸ் எல்லாம் ஆகும். ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி மணியாக உருண்டால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது, அது உதவாது. 5 செ.மீ. சதுரங்களாகப் பத்துப் பன்னிரண்டு வெட்டுங்கள். இறுக்கமாக மூடும் சின்னத் தகர டப்பா ஒன்று, செருப்பு பாலீஷ் டப்பா அளவு போதும். முதல் தடவை அதை வெறுமையாகத் தீயில் போட்டு, பெயின்ட்டும் மிச்ச மெழுகும் எரிந்து போகட்டும். மூடியில் ஆணியால் 2 மி.மீ. துளை ஒன்று, ஒன்றே ஒன்று. துணிகளைத் திணிக்காமல் தளர்வாக அடுக்கி மூடி, தணலின்மேல் வையுங்கள். திறந்த வெளியில் செய்யவேண்டிய வேலை இது.

துளை வழியாக வெள்ளைப் புகை பீறிடும். அந்தப் புகையே தீப்பிடித்துச் சின்னச் சுடராக எரிந்தாலும் பயமில்லை. ஐந்திலிருந்து பதினைந்து நிமிடத்தில் புகை அடங்கும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், புகையைப் பாருங்கள். அடங்கியதும் டப்பாவை எடுத்து, துளையில் ஒரு முள்ளையோ ஆணியையோ செருகிவிட்டு, கை பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிடுங்கள். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் காற்றுப் பட்டதும் மொத்தத் துணியும் கனிந்து கண்ணெதிரே சாம்பலாகும். புதிதாகச் செய்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடும் இடம் இது.

சரியான கரித்துணி முழுக் கறுப்பு. நெசவு அப்படியே தெரியும், இழுத்தால் சுலபமாகக் கிழியும். பழுப்புத் திட்டு இருந்தால் வேகவில்லை, மூடித் திரும்ப வையுங்கள். தொட்டதும் பொடிந்தால், மூடி இடுக்கில் காற்றுப் புகுந்திருக்கிறது அல்லது அதிக நேரம் வெந்துவிட்டது.

துணி இல்லாமலும் வழி உண்டு. உங்கள் பக்கத்து மலைகளில் கூந்தல்பனை இருக்கும், இலங்கையில் கித்துள் என்பார்கள். அதன் மட்டை அடியில் சுரண்டினால் வரும் பழுப்புப் பஞ்சை, சிக்கிமுக்கிக்காரர்கள் வெகுகாலமாகத் தீப்பஞ்சாக வைத்திருந்தார்கள். நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். கரித்தூளைப் பிசறி வைத்தால் இன்னும் சுறுசுறுப்பாகப் பிடிக்கும்.

எப்படித் தட்டுவது? கத்தியை வீசவா, கல்லை வீசவா?
- சேலம் வாசகர்

தனியாகச் செய்த தீத்தட்டு இரும்பு என்றால் இரும்பை வீசலாம். இடது கையில் கல், அதன்மேல் விளிம்புக்கு 2 மி.மீ. உள்ளே கரித்துணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இரும்பை மேலிருந்து கீழே, விளிம்பை ஒட்டி, முப்பது டிகிரிச் சாய்வில் சீவிக்கொண்டு போங்கள். ஆணி அடிக்கும் அடி அல்ல, கரும்புச் சோகை சீவும் வீச்சு. மேலே எழும்பும் பொறி துணியின் ஓரத்தில் போய் உட்காரும்.

கத்தியில் இதைச் செய்யாதீர்கள். முதுகு கல்லை நோக்கினால் கூர்வாய் உங்களை நோக்கும். வழுக்கினால் மணிக்கட்டு. கத்தியை அசையாமல் நிறுத்தி, கல்லைத்தான் அசைக்கவேண்டும். ஒரு மரக்கட்டையில் கத்திமுனையை ஒரு செ.மீ. ஆழம் ஊன்றுங்கள். கூர்வாய் அப்பால், முதுகு உங்கள் பக்கம். கூர்வாயில் கெட்டித் தோல் துண்டு ஒன்றைக் கவ்வ வையுங்கள். பிடியை இடது கை பிடிக்க, வலது கைச் சில்லு முதுகை ஒட்டி மேலிருந்து கீழே சீவ, பொறி அடியில் விரித்த கரித்துணியில் விழும். மடக்குக் கத்தி என்றால் மடக்கியே வையுங்கள், முதுகு மட்டும் வெளியே தெரிந்தால் போதும்.

கூர்வாயில் தட்டினால் பொறி அதிகம் வருமே என்று சிலருக்குத் தோன்றும். வரும். வாயில் பல் பல்லாக உடைந்த கத்தியும் கூடவே வரும்.

ஃபெரோ குச்சிக்கு இன்னொரு வழி. கத்தி அசையக்கூடாது, குச்சியைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். கத்தியை முன்னுக்குத் தள்ளினால் கடைசியில் முட்டி, அடுக்கி வைத்த பஞ்சுக் குவியலைக் கலைத்துவிடும். புதுக் குச்சிமேல் கறுப்புப் பூச்சு இருக்கும், அதை முதலில் சுரண்டி எடுங்கள். வேகத்தைவிட அழுத்தம் முக்கியம். மெதுவாக அழுத்தி இழுத்தால் பெரிய கட்டிப் பொறி விழும்.

கரித்துணி சிவப்பாகக் கனிகிறது. தேங்காய் நாரில் வைத்து ஊதினால் புகைதான். சுடர் வருவதே இல்லை.
- தஞ்சாவூர் வாசகர்

நாரைக் கடையில் விற்கும் கயிறு மாதிரியே வைத்திருப்பீர்கள். அதைப் பிரித்து, உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துத் தேய்த்துப் பூவாக்கவேண்டும். இரண்டு கை கொள்ளும் அளவு எடுத்துத் தூக்கணாங்குருவிக் கூடு போல உருட்டுங்கள். வெளிச்சுற்றுக்குப் பன்னாடை, காய்ந்த வாழைச்சருகு, புல். உள்ளே போகப்போக மெலிந்த நார். நடுக்குழியில் தேய்த்து உதிர்ந்த நார்த்தூள்.

கனிந்த துணியை நடுவில் வைத்துக் கூட்டை மூடுங்கள், கசக்காமல். துணி நாரைத் தொடவேண்டும், ஆனால் காற்றும் ஓடவேண்டும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கூட்டை முகத்துக்குக் கொஞ்சம் மேலே உயர்த்தி, அடியிலிருந்து நீளமாக, மெதுவாக ஊதுங்கள். சூடான பாலை ஆற்றும் ஊதல் போதும். புகை மெலிசாக இருக்கும்வரை மெதுவாக, அது கெட்டியாகி மஞ்சள் கலந்து உருளும்போது வலுவாக. அடுத்த இரண்டு மூன்று மூச்சில் சுடர் எழும். எழுந்ததும் கூட்டைக் கவிழ்க்காமல் கீழே வைத்து, ஈர்க்குச்சித் தடிமனில் சுள்ளி, பிறகு பென்சில் தடிமன், பிறகு விரல் தடிமன் என்று ஏற்றுங்கள். நேராக மட்டையைத் தூக்கிப் போட்டால் இவ்வளவு ஊதியதும் வீண்.

எச்சில் தெறிக்க ஊதுவதாலும், தரையில் வைத்து ஊதுவதாலும் அணைவது உண்டு. தஞ்சாவூரில் மார்கழிக் காலைப் பனியில் செய்து பார்த்திருந்தால், தவறு உங்களுடையது அல்ல, நாருடையது. வெளியில் கிடந்த நார் தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். ஒரு பகல் முழுக்க வெயிலில் போட்டெடுங்கள்.

பழைய அரத்தில் தீத்தட்டு இரும்பு செய்யலாமா? உலை இல்லை.
- காங்கேயம் வாசகர்

உலையே வேண்டாம். நல்ல அரம் ஏற்கெனவே தேவையான கடினத்தில் இருக்கிறது. 8 செ.மீ. துண்டாக உடைத்து, ஒரு குறுகலான ஓரத்தில் இருக்கும் பற்களைச் சாணையில் முழுக்க வழித்துவிடுங்கள். பல் மிச்சமிருந்தால் கல் விளிம்பை நொறுக்கும். ஒவ்வொரு மூன்று நொடிக்கும் தண்ணீரில் முக்குங்கள். ஓரம் நீலம் பாய்ந்தால் தோய்ச்சல் இறங்கிவிட்டது, அந்த இடத்தை வழித்து மறுபடி ஆரம்பிக்கவேண்டும். மலிவு அரங்கள் சிலவற்றில் மேல்தோல் மட்டும்தான் கடினம். சாணை பிடித்ததும் உள்ளிருக்கும் மென்னிரும்பு வந்துவிடும், பொறி நின்றுவிடும். அதற்கு வைத்தியம் இல்லை, வேறு அரம் தேடுங்கள்.

விரலை நுழைத்துப் பிடிக்க வளைவு வேண்டுமென்றால் கொல்லர் பட்டறைக்குத்தான் போகவேண்டும். வளைத்தபின் காந்தம் ஒட்டாத சூட்டுக்கும் ஒரு படி மேலே, செர்ரிப்பழச் சிவப்பில் ஏற்றி, லேசாகச் சூடாக்கிய கடலை எண்ணெயில் தோய்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் தோய்த்தால் கடினம் கூடும், விரிசல் விடும் ஆபத்தும் கூடும். கத்திக்குச் செய்வதுபோலப் பிறகு சூடுகாட்டி இளக்க வேண்டாம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் இளக்கிக் கொடுத்துவிடுவார்.

கடலோரத்தில் இருக்கிறேன். கார்பன் ஸ்டீல் கத்தி ஒரு வாரத்தில் துருப்பிடிக்கிறது. ஃபெரோ குச்சிகூட வெள்ளை பூத்து உதிர்கிறது.
- இராமேஸ்வரம் வாசகர்

கத்தியைத் தோலுறையில் வைத்தே பூட்டாதீர்கள், தோல் உப்பு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். துடைத்து, உலர்த்தி, தேங்காய் எண்ணெய் மெல்லத் தடவித் தனியாக வையுங்கள். எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் உடனே கழுவுங்கள். தட்டுவதற்கு முன் முதுகில் இருக்கும் எண்ணெயைச் சுத்தமாகத் துடைக்கவேண்டும், எண்ணெய் இருந்தால் பொறி வராது. ஃபெரோ குச்சிக்கு உப்புக்காற்று ஆகாது. பயன்படுத்தாத காலத்தில் நெயில் பாலீஷ் ஒரு கோட்டிங் கொடுத்து வையுங்கள். அவசரத்துக்கு உதறிய பஞ்சில் வாசலின் பிசறி டப்பாவில் வைத்திருந்தால், ஃபெரோ பொறிக்குப் பற்றிச் சில நிமிடம் நின்று எரியும்.

அடுப்பு மூட்டும் கேஸ் லைட்டரிலும் சிக்கிமுக்கிக் கல்தானே?
- மதுரை வாசகர்

இல்லை. ‘டிக்’ லைட்டரில் இருப்பது அழுத்தினால் மின்சாரம் தரும் படிகம். அதன் பொறி வாயுவைப் பற்றவைக்கும், கரித்துணிக்கு ஆகாது.

‘சக்கிமுக்கி’ தமிழ்ச் சொல்லா?
- யாழ்ப்பாண வாசகர்

இந்துஸ்தானி ‘சக்மக்’ வழியாக வந்தது. மூலம் துருக்கிய மொழி. இன்றும் துருக்கியில் சிகரெட் லைட்டருக்குப் பெயர் ‘சக்மக்’தான். தோல் பையின் அடியோரத்தில் எஃகுப் பட்டை தைத்து, உள்ளே கல்லும் தீப்பஞ்சும் வைத்த திபெத்தியப் பையை ஆங்கிலேயர்கள் ‘சக்மக்’ என்றே எழுதினார்கள். இங்கே வாய்க்கு வாகாக, எதுகையும் சேர்ந்து, சக்கிமுக்கி, சிக்கிமுக்கி என்று ஆகிவிட்டது.

மலையேற்றத்தில் இதைப் பழகலாமா?
- தேனி வாசகர்

காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். உங்கள் மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நீங்களே அறிவீர்கள். பழகுவது வீட்டு முற்றத்தில், சுற்றிலும் ஒரு மீட்டர் சருகு கூட்டி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு. கனிந்த கரித்துணியை ஊதி அணைக்க முடியாது, ஊதினால் இன்னும் கனியும். தண்ணீரில் போடுங்கள், அல்லது டப்பாவில் போட்டு மூடுங்கள். மூடினால் மிச்சத் துணி அடுத்த முறைக்கும் ஆகும்.